சுண்ணாம்பு ஏன் கொதிக்கிறது? வேதி வெப்ப இயக்கவியல், முதலிலிருந்து

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில் எங்கள் தெருவில் தவறாமல் ஒரு காட்சி நடக்கும். பழைய தகர டிரம்மில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டு, தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லோரும் தள்ளி நிற்பார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு கட்டி விரிசல் விடும். 'உஸ்' என்று சத்தம் வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரம் முழுக்கத் தளதளவென்று கொதித்து ஆவி கிளம்பும். கீழே அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று பதினொன்றாம் வகுப்பு மாணவரைக் கேட்டால், "இது வெப்பம் உமிழ் வினை, அதனால் தானாக நடக்கிறது" என்பார். முதல் பாதி சரி. 'அதனால்' என்ற சொல்தான் தவறு. வெப்ப இயக்கவியலில் நான் பார்த்த குழப்பங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன. அதை அவிழ்க்கவே இந்தக் கட்டுரை. கடைசி வரை சுண்ணாம்பையே பிடித்துக்கொண்டு போவோம்.

(ஒன்று சொல்லிவிடுகிறேன்: சுட்ட சுண்ணாம்பை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஒரு துளி தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.)

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

கணக்கு எழுதும் முன் யாருடைய கணக்கு என்று சொல்ல வேண்டும். நாம் கவனிக்கும் பகுதிக்கு அமைப்பு என்று பெயர். மீதி எல்லாம் சூழல். டிரம்மில் உள்ள சுண்ணாம்பும் தண்ணீரும் அமைப்பு என்றால், டிரம், காற்று, தள்ளி நிற்கும் நாம் எல்லோரும் சூழல்.

அமைப்பு மூன்று வகை. திறந்த டம்ளரில் இருக்கும் டீ சூட்டையும் இழக்கும், ஆவியையும் இழக்கும். அது திறந்த அமைப்பு. விசில் வருவதற்கு முந்தைய பிரஷர் குக்கரில் சூடு உள்ளே போகும், பொருள் எதுவும் வெளியே வராது; அது மூடிய அமைப்பு. நல்ல பிளாஸ்க்கில் இரண்டும் ஏறக்குறைய நடக்காது. அது தனித்த அமைப்புக்கு நெருக்கமானது. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது தெறிக்கும் பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரிக்கு மேல். அது கையில் பட்டால் லேசாகச் சுருக்கென்கிறது, அவ்வளவுதான். தொண்ணூறு டிகிரி சாம்பார் ஒரு கரண்டி கொட்டினால் கொப்புளம் போடுகிறது. பொறி அதிக வெப்பநிலையில் இருக்கிறது, ஆனால் அதன் எடை ஒன்றுமே இல்லை. அதனால் அது கைக்குக் கொடுக்கும் ஆற்றலும் மிகக் குறைவு.

ஒரு பொருளின் துகள்கள் சராசரியாக எவ்வளவு வேகமாக ஆடி ஓடுகின்றன என்பதன் அளவு வெப்பநிலை. வெப்பநிலை வேறுபாட்டால் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் ஆற்றல் வெப்பம். 'போகும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பொருளுக்குள் இவ்வளவு வெப்பம் 'இருக்கிறது' என்று சொல்லக் கூடாது. மழை பெய்யும்போதுதான் அது மழை. ஏரியில் விழுந்த பிறகு அது வெறும் தண்ணீர். ஏரிக்குள் எவ்வளவு மழை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா?

அக ஆற்றல்: வரவு செலவுக் கணக்கு

அப்படியானால் உள்ளே இருப்பது என்ன? துகள்களின் ஓட்டம், அதிர்வு, பிணைப்புகளில் உள்ள ஆற்றல் எல்லாம் சேர்ந்த மொத்தம்தான் அக ஆற்றல். இதைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சூடாக்குவது. இன்னொன்று, வேலை செய்வது. சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். தீயே காட்டவில்லை, கை செய்த வேலைதான் உள்ளே இருந்த காற்றின் அக ஆற்றலாகச் சேர்ந்தது.

அக ஆற்றல் மாற்றம் = அமைப்பு பெற்ற வெப்பம் + அமைப்பின் மேல் செய்யப்பட்ட வேலை. இதுதான் முதல் விதி. ஆற்றல் புதிதாக முளைப்பதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை என்பதையே கணக்கு வடிவில் சொல்கிறோம்.

இதுவரை பார்த்தது: வெப்பமும் வேலையும் ஆற்றல் உள்ளே வரும், வெளியே போகும் வழிகள். அக ஆற்றல் என்பது இருப்பு. இருப்பைப் பார்த்து அது எந்த வழியில் வந்தது என்று சொல்ல முடியாது.

என்தால்பி: காற்றைத் தள்ளும் செலவும் சேர்த்து

இப்போது சுண்ணாம்பு பிறக்கும் இடத்துக்குப் போவோம். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைக் காளவாயில் அடுக்கிச் சுடுவார்கள். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுடும்போது அது கால்சியம் ஆக்சைடாகவும் (சுட்ட சுண்ணாம்பு) கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. நூறு கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிராம் வாயுவாகப் போய்விடும். அறை வெப்பநிலையில் அந்த வாயு சுமார் 24 லிட்டர் இடத்தை அடைக்கும்; பெரிய குடங்கள் இரண்டு நிறையும்.

அந்த வாயுவுக்கு இடம் சும்மா கிடைப்பதில்லை. ஏற்கெனவே அங்கே இருக்கும் காற்றைத் தள்ளித்தான் வெளியே வர வேண்டும். தள்ளுவது வேலை, அதற்கும் ஆற்றல் செலவாகும். ஆய்வகமோ, சமையலறையோ, காளவாயோ, நாம் பார்க்கும் வினைகளில் பெரும்பாலானவை திறந்த வெளியில், மாறாத காற்றழுத்தத்தில் நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் இந்தத் தள்ளும் செலவைத் தனியாக எழுதுவது தொல்லை. அதனால் அக ஆற்றலோடு அழுத்தம் × கனஅளவு என்பதையும் சேர்த்து என்தால்பி என்று ஒரே கணக்காக வைத்துக்கொண்டார்கள். மாறாத அழுத்தத்தில் வினை உள்வாங்கும் அல்லது வெளிவிடும் வெப்பம் என்தால்பி மாற்றத்துக்குச் சமம். அந்த வசதிக்காகவே இந்தச் சொல் பிறந்தது.

ஒரு மோல், அதாவது அந்த நூறு கிராம், கால்சியம் கார்பனேட்டைப் பிரிக்க என்தால்பி மாற்றம் சுமார் +178 கிலோஜூல். அறை வெப்பநிலைக் கணக்கில் அதில் 2.5 கிலோஜூல் மட்டுமே காற்றைத் தள்ளும் செலவு. மீதி பிணைப்பை உடைக்கப் போகிறது. கூட்டல் குறி என்றால் அமைப்பு வெப்பத்தை வாங்குகிறது என்று பொருள். இது வெப்பம் கொள் வினை.

டிரம்மில் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு ஆகும்போது, சுமார் 65 கிலோஜூல் வெளியே வருகிறது. என்தால்பி மாற்றம் −65. இது வெப்பம் உமிழ் வினை. ஒரு டம்ளர், 200 மில்லி, தண்ணீருக்கு இந்த 65 கிலோஜூலையும் கொடுத்தால் அதன் வெப்பநிலை கிட்டத்தட்ட 78 டிகிரி ஏறும். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புக்கு இவ்வளவு என்றால், டிரம் கொதிப்பதில் வியப்பில்லை.

மண்பானை கேட்கும் கேள்வி

சரி, "வெப்பத்தை வெளிவிடும் வினைதான் தானாக நடக்கும்" என்பதில் என்ன தவறு? மூலையில் இருக்கும் மண்பானையைப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,440 ஜூல் வேண்டும். அதை உள்ளே உள்ள நீரிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. முழுவதையும் உள்ளே உள்ள நீரிடமிருந்தே எடுத்தால், வெறும் பத்து கிராம் ஆவியாவதற்குள் ஐந்து லிட்டர் நீர் ஒரு டிகிரிக்கும் சற்று மேலாகக் குளிர்ந்துவிடும்.

இது வெப்பம் கொள்ளும் மாற்றம். யாரும் சூடு காட்டவில்லை, தூண்டவில்லை. தானாகவே நடக்கிறது. குளுக்கோஸ் பொடியை நாக்கில் வைத்தால் ஜில்லென்று இருப்பதும் இதே கதை. கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை அது நாக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆக, என்தால்பி மட்டும் பதில் சொல்லாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது.

என்ட்ரோபி: ஆறு சோழிகள்

அந்த இரண்டாவது கணக்கின் பெயர் என்ட்ரோபி. 1865-இல் ஜெர்மானிய அறிவியலாளர் கிளாசியஸ் வைத்த பெயர். 'ஒழுங்கின்மை' என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்து, கலைந்து கிடக்கும் அறையின் படத்தையும் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் உண்மையிலேயே வருத்தம் உண்டு. கீழே கிடக்கும் சட்டையை மடித்து அலமாரியில் வைப்பதால் துணியின் என்ட்ரோபி சொல்லும்படியாக மாறுவதில்லை. இங்கே பேசப்படுவது துகள்களும் ஆற்றலும் எத்தனை விதமாகப் பங்கிடப்படலாம் என்பது. எண்ணிப் பார்க்கும் விஷயம். கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்பதல்ல.

ஆறு சோழிகளைக் குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொன்றும் மல்லாந்து விழவும் குப்புற விழவும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 64 விதமாக விழலாம். ஆறும் மல்லாந்து விழ ஒரே ஒரு வழிதான். மூன்று மல்லாந்து, மூன்று குப்புற விழ 20 வழிகள். சோழிக்கு மூன்று–மூன்றின் மேல் ஆசை ஒன்றும் இல்லை. அதற்கு வழிகள் அதிகம், அதனால் அடிக்கடி அதுவே வருகிறது.

இனி ஆறுக்குப் பதில் நூறு சோழி. எல்லாம் மல்லாந்து விழும் வாய்ப்பு, ஒன்றுக்குப் பின்னால் முப்பது சுழி போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கை விடவும் குறைவு. பதினெட்டு கிராம் நீரில் இருக்கும் மூலக்கூறுகளோ 6-க்குப் பின்னால் 23 சுழி. அந்த அளவில் 'வாய்ப்பு அதிகம்' என்பது நடைமுறையில் 'நிச்சயம்' ஆகிவிடுகிறது. என்ட்ரோபி என்பது இந்த வழிகளின் எண்ணிக்கையை மடக்கையாக அளப்பது. வியன்னாவில் போல்ட்ஸ்மேனின் கல்லறைக்கு மேல் பொறித்திருக்கும் சமன்பாடு இதைத்தான் சொல்கிறது.

நீர் ஆவியானால் மூலக்கூறுகளுக்கு இருக்கும் இடம் பெருகுகிறது, வழிகளும் பெருகுகின்றன. வறண்ட காற்றில் இது மிக அதிகம். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைந்திருந்தால் அந்த ஆதாயம் குறைந்துவிடும். புழுக்கமான நாளில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராததற்கு இதுவே காரணம்.

காளவாய்க்கு ஏன் அவ்வளவு சூடு?

இரண்டாம் விதி சொல்வது இதுதான்: தானாக நடக்கும் எந்த மாற்றத்திலும் அமைப்பின் என்ட்ரோபியும் சூழலின் என்ட்ரோபியும் சேர்ந்த மொத்தம் கூடும். 'சேர்ந்த மொத்தம்' என்பதை விட்டுவிட்டால் குழப்பம்தான். ஃப்ரீசரில் நீர் உறையும்போது நீரின் என்ட்ரோபி குறைகிறது. பின்பக்கம் வெளியேறும் வெப்பம் அறையின் என்ட்ரோபியை அதைவிட அதிகமாகக் கூட்டிவிடுகிறது. விதி மீறப்படவில்லை.

கிளிஞ்சலுக்கு வருவோம். வாயு பிறப்பதால் அமைப்பின் என்ட்ரோபி ஒரு மோலுக்குச் சுமார் 160 ஜூல்/கெல்வின் கூடுகிறது. நல்ல ஆதாயம். ஆனால் அதற்காகச் சூழலிடமிருந்து 178 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கிறோம். சூழலின் என்ட்ரோபி குறைகிறது. எவ்வளவு குறையும்? எடுத்த வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்க வேண்டும். வெப்பநிலையைக் கெல்வினில், அதாவது செல்சியஸோடு 273 கூட்டி எழுத வேண்டும்.

ஏன் வகுக்கிறோம்? தினக்கூலிக்காரரிடம் 500 ரூபாய் எடுத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. நகைக்கடை முதலாளியிடம் அதே 500 எடுத்தால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. குளிர்ந்த சூழல் அந்தக் கூலிக்காரரைப் போல. கொஞ்சம் வெப்பம் எடுத்தாலும் இழப்பு பெரிது. சூடான சூழலுக்கு அதே வெப்பம் சிறிய இழப்பு.

25 டிகிரி செல்சியஸில், அதாவது 298 கெல்வினில், 178,000-ஐ 298-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 600. வரவு 160, செலவு 600. மொத்தம் குறைகிறது, எனவே நடக்காது. கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சல் தானாகச் சுண்ணாம்பு ஆகாததன் காரணம் இதுதான். 1,200 கெல்வினில் வகுத்தால் செலவு 148. வரவு அதே 160. இப்போது மொத்தம் 12 கூடுகிறது. நடக்கும்!

வரவும் செலவும் சமமாகும் இடம் சுமார் 1,110 கெல்வின், 840 டிகிரி செல்சியஸ் அருகில். (178, 160 ஆகிய எண்களே வெப்பநிலையோடு கொஞ்சம் மாறும். அதையும் சேர்த்தால் 900-ஐ நெருங்கும்.) காளவாய்க்காரர்கள் இந்த வகுத்தலைப் போட்டதில்லை, தீயின் நிறத்தைப் பார்த்தே அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காளவாயில் காற்றோட்டம் விடுவது நெருப்பு எரிவதற்கு மட்டும் அல்ல. பிறக்கும் கார்பன் டை ஆக்சைடை அது அடித்துக்கொண்டு போகும். வாயு தேங்காமல் இருந்தால் கிளிஞ்சல் பிரிவது எளிதாகும்.

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு மாற்றம் நடக்குமா என்பதற்கு இரண்டு பேரின் கணக்கு வேண்டும்: அமைப்பின் என்ட்ரோபி, சூழலின் என்ட்ரோபி. வெப்பத்தை வெளிவிடும் வினைகள் பெரும்பாலும் நடப்பது, அவை சூழலின் என்ட்ரோபியைக் கூட்டுவதால். டிரம்மில் கொதித்த சுண்ணாம்புக்கும் அதுவே காரணம். அங்கே அமைப்பின் என்ட்ரோபி சற்றுக் குறையத்தான் செய்கிறது.

கிப்ஸ் தந்த குறுக்குவழி

ஒவ்வொரு முறையும் சூழலைத் துரத்திக்கொண்டு போக முடியுமா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிப்ஸ் 1870-களில் இதற்கு வழி செய்தார். சூழலின் கணக்கை அமைப்பின் என்தால்பியை வைத்தே எழுதிவிடலாம். அது இழப்பதோ பெறுவதோ அந்த வெப்பம்தானே. அப்படி எழுதி வெப்பநிலையால் பெருக்கி, குறியை மாற்றினால் கிடைப்பது கிப்ஸ் கட்டிலா ஆற்றல்:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

மாறாத வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் இது எதிர்க்குறியாக வந்தால் மாற்றம் தானாக நடக்கும். நேர்க்குறி என்றால் எதிர்த்திசையில் நடக்கும். சுழி என்றால் சமநிலை. கிளிஞ்சலுக்குப் போட்டுப் பார்த்தால் அறை வெப்பநிலையில் +130 கிலோஜூல், 1,200 கெல்வினில் −14. மேலே போட்ட அதே கணக்கு, வேறு உடையில்.

தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இதுதான். என்தால்பி கிலோஜூலில் இருக்கும், என்ட்ரோபி ஜூலில் இருக்கும். 160-ஐ 0.160 ஆக்காமல் பெருக்கினால் கிளிஞ்சல் கடற்கரையிலேயே பிரிந்துவிடும் என்று விடை வரும். நான் திருத்திய தாள்களில் இந்த விடையை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. எண்ணைப் போடும் முன் அலகைப் பாருங்கள்.

'கட்டிலா' என்றால் இலவசம் என்று பொருள் அல்ல. காற்றைத் தள்ளும் செலவு போக, வேறு பயனுள்ள வேலைக்கு அதிகபட்சமாக எடுக்கக் கூடிய ஆற்றல் என்று பொருள். பேட்டரி நமக்குக் கொடுப்பது இதைத்தான்.

தானாக நடக்கும் என்றால் உடனே நடக்குமா?

பாடப்புத்தகம் இதைத் தன்னிச்சை மாற்றம் என்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் படபடவென்று நடக்கும் என்று தோன்றிவிடுகிறது. தீக்குச்சி காற்றில் எரிவது தன்னிச்சையானதுதான். ஆனால் பெட்டிக்குள் வருடக்கணக்கில் சும்மா கிடக்கிறது. உரசும்போதுதான் பற்றுகிறது. வினை தொடங்கத் துகள்கள் தாண்ட வேண்டிய மேடு ஒன்று இருக்கிறது. அதன் உயரம் கிளர்வு ஆற்றல். மேட்டின் உயரத்தைப் பற்றி வெப்ப இயக்கவியல் வாய் திறப்பதில்லை. அது சொல்வது இந்தப் பக்கம் இறக்கமா, ஏற்றமா என்பதை மட்டுமே. எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேதி வேகவியலின் பாடம்.

வெள்ளையடித்த சுவரில் இது கண்முன்னே நடக்கிறது. மட்டையால் அடித்த நீற்றுச் சுண்ணாம்பு, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கட்டிலா ஆற்றல் மாற்றம் −73 கிலோஜூல், தாராளமாகத் தன்னிச்சையானது. ஆனால் காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான். அது ஈரச் சுண்ணாம்புக்குள் மெல்ல நுழைந்து கரைந்துதான் வினை நடக்க வேண்டும். மேல்பூச்சு சில நாட்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். கனமான சுண்ணாம்புச் சாந்துக்கு மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும்.

இந்தக் கடைசி வினையின் என்தால்பி மாற்றம் −113 கிலோஜூல். முதலிலிருந்து எழுதிப் பாருங்கள்: காளவாயில் +178, டிரம்மில் −65, சுவரில் −113. கூட்டினால் சுழி. கால்சியம் கார்பனேட்டில் தொடங்கி அதிலேயே வந்து நின்றதால் அப்படித்தான் வர வேண்டும். என்தால்பி எந்த வழியில் போனோம் என்று பார்ப்பதில்லை, தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கிறது. 1840-இல் ஹெஸ் கண்ட விதி இதுவே.

காளவாய் ஊட்டிய வெப்பத்தில் டிரம் 65-ஐத் திருப்பிக் கொடுத்தது, சில நிமிடங்களில், நாம் பின்வாங்கி நிற்கும்படி. மீதி 113-ஐச் சுவர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சில்லென்றுதான் இருக்கும்.